தம்பியின் சம்மதமின்றி மனநல மருத்துவமனையில் சேர்க்கலாமா?

கேள்வி (பெரம்பூர்):
என் தம்பி மாத்திரையைச் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான்; விடியும்வரை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தபடியே நிற்கிறான். மருத்துவமனைக்கு வர மறுக்கிறான். கட்டாயப்படுத்திச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறதா?

பதில் 1:
சகோதரி, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. நியமனப் பிரதிநிதியின் (நோயாளி தம் சார்பில் செயல்பட நியமித்தவரின்) விண்ணப்பத்தின்பேரில், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து, நோயாளி தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கும் அபாயமோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலையோ உண்டெனக் கண்டால், 30 நாள்கள் வரை சேர்க்கலாம். சேர்த்ததை 7 நாள்களுக்குள், பெண்ணாயின் 3 நாள்களுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தம்பி எவரையும் பிரதிநிதியாக நியமிக்கவில்லையெனில், உறவினரான தாங்களே அப்பொறுப்பை ஏற்கலாம்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. சங்கிலியிடுவதையும், மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை தருவதையும் இச்சட்டம் அறவே தடைசெய்கிறது. சேர்க்கையை எதிர்த்துத் தம்பியே வாரியத்திடம் முறையிடலாம். இதை அவரிடம் இன்றே பக்கத்தில் அமர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. இன்றிரவே அவனிடம் பேசுகிறேன்.