சுருதிப் பெட்டியை நிறுத்திய பிறகும் சட்ஜம் மனதில் நிற்கிறதா? சோதிப்பது எப்படி?

புதுவர்ணம்:
கர்நாடக வாய்ப்பாட்டு, பாடம் வர்ணம் வரை. சுருதி (சட்ஜத்தை வைக்கும் உயரம், கட்டைக் கணக்கில்) 5 கட்டை. பெட்டி ஓடும்போது சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) சேர்ந்துவிடுகின்றன. நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் பிடித்தால் சட்ஜம் இறங்கிவிடுகிறது. ஆனால் கைப்பேசியில் கிடைக்கும் காதுச் சோதனைகளில் 10 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம்வரை தவறில்லாமல் சொல்ல முடிகிறது. அப்படியானால் குறை காதிலா, நினைவிலா, தொண்டையிலா? வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா? எதைக் கேட்டாலும் உடனே “இது இத்தனை கட்டை” என்று சொல்கிறார்களே, அந்தத் திறன் இல்லாமல் சுருதி நிற்காதா?

மந்தரம்:
முதலில் அந்தச் சோதனையையே சோதியுங்கள். இரண்டு ஒலிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? சேர்ந்து ஒலித்தால் காதுக்குக் கேட்பது சுருதி வித்தியாசம் அல்ல, அலைவு. 1 கட்டைச் சட்ஜம் 261.63 ஹெர்ட்ஸ். அதில் 10 சென்ட் என்பது ஏறக்குறைய ஒன்றரை ஹெர்ட்ஸ். இரண்டு வினாடிக்கு மூன்று முறை ஒலி பொங்கி அடங்கும், அதை யாரும் பிடித்துவிடலாம். இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு 10 சென்ட் சொல்ல முடிந்தால்தான் காது நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, தொண்டையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பலர் செய்யும் பிழை இங்கேதான்: பாடிப் பார்த்து, குரல் இறங்கியதும் “ஞானம் போதாது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதிர்வெண்ணை விரலால் நகர்த்தும் ஒலி உருவாக்கிச் செயலி ஒன்றை எடுத்து, எண் தெரியும் இடத்தில் காகிதம் ஒட்டுங்கள். உங்கள் 5 கட்டைக்கு 196 ஹெர்ட்ஸ், அதாவது மேலே சொன்ன 1 கட்டைக்குக் கீழே வரும் 5 கட்டை. கைப்பேசி ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி மெலிந்துதான் வரும், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். 20 வினாடி கேளுங்கள், நிறுத்துங்கள், 15 வினாடி சும்மா இருங்கள். முணுமுணுக்கக் கூடாது, முணுமுணுத்தால் தொண்டையின் நினைவு உள்ளே வந்துவிடும். பிறகு விரலை நகர்த்தி அதே சட்ஜத்தைத் தேடி நிறுத்தி, காகிதத்தை விலக்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை மேலிருந்தும் ஐந்து முறை கீழிருந்தும் தேடுங்கள். ஒரே திசையிலிருந்து போனால் வந்த பக்கத்திலேயே சற்று முன்னதாக நின்றுவிடும்.

196 அருகில் 1 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 9 சென்ட். சராசரி விலகல் ஒன்று, விலகல்களின் பரவல் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இதையே குரலால் பத்து முறை செய்யுங்கள். விரல் சரியாக நின்று குரல் மட்டும் இறங்கினால் மூச்சையும் அகாரத்தையும் (‘ஆ’ என்று நீட்டிப் பாடுவது) கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நினைவுதான் நழுவுகிறது.

அனுசாரணி:
மந்தரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 15 வினாடி அமைதியில் பெரும்பாலோருக்கு நிற்கும். நினைவைக் கலைப்பது நேரம் அவ்வளவாக இல்லை, நடுவில் வரும் வேறு சுருதிதான். டயானா டாய்ச் 1970இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பிட வேண்டிய இரண்டு ஒலிகளுக்கு நடுவே பேச்சில் எண்களைக் கேட்க வைத்தபோது நினைவு பெரிதாகக் கெடவில்லை. எண்களுக்குப் பதிலாக வேறு இசையொலிகளைப் புகுத்தியபோது தவறுகள் வெகுவாகக் கூடின.

எனவே பயிற்சியையும் அந்த வரிசையில் கட்டுங்கள். முதலில் 15 வினாடி அமைதி, பிறகு 1 நிமிடம், பிறகு 1 நிமிடம் யாரோடாவது பேச்சு, கடைசியாக வேறு கட்டையில் அரை நிமிடம் பாட்டு கேட்டுவிட்டுத் திரும்புவது. பத்தில் எட்டு முறை 20 சென்ட்டுக்குள் வந்தால் மட்டும் அடுத்த படி. நாளுக்குப் பத்து முறை போதும். அதற்கு மேல் செய்தால் காது களைத்து எண்கள் சிதறும், அவற்றை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

புதுவர்ணம்:
விரல் சோதனையில் சராசரி 4 சென்ட் குறைவு, குரலில் 30 குறைவு. குறை தொண்டையில்தான் போல. ஆனால் ட்யூனரில் (பாடும் சுருதியை அளந்து காட்டும் செயலி) ஒரு குழப்பம். பெட்டி ஓடும்போதே பாடினாலும் அந்தர காந்தாரம் (மேல் இடத்து க) எப்போதும் 12 முதல் 15 சென்ட் குறைவாகவே காட்டுகிறது. அதையும் உயர்த்த வேண்டுமா?

அனுசாரணி:
வேண்டவே வேண்டாம்! அது சரியான இடம். ட்யூனர் 12 சுரங்களையும் 100 சென்ட் சமபங்காக வெட்டி வைத்திருக்கிறது. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் சட்ஜத்துக்கு 5:4 விகிதத்தில் இருக்கிறது, அதாவது 386 சென்ட். ட்யூனர் எதிர்பார்ப்பது 400. பஞ்சமம் 702, அங்கே 2 கூடுதலாகக் காட்டும். நன்றாக மீட்டிய தம்புராவில் மந்தரக் கம்பியிலிருந்து காந்தாரம் தானாகக் கேட்கும். அதோடு சேருங்கள், ட்யூனர் முள்ளோடு அல்ல. சட்ஜம் தவிர எதையும் ட்யூனரை வைத்துத் திருத்தாதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை அதில் பாடிப் பார்த்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த அசைவுதான் அந்தச் சுரம்.

சட்ஜத்திலும் தொடக்கத்து அரை வினாடியை விட்டுவிடுங்கள். கீழிருந்து இழுத்து ஏறுவது பலருக்குப் பழக்கம், முள் அதைத்தான் முதலில் காட்டும். மூன்று வினாடி பிடித்து நடுப்பகுதியைப் படியுங்கள். 30 குறைவு என்றீர்களே, அது ஒருவேளை இந்த இழுப்பாகக்கூட இருக்கலாம். செயலியில் அடிப்படை அதிர்வெண் (மேற்கத்திய A சுரம்) 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குடம்:
கட்டையைச் சொல்லும் திறன் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒலியின் பெயரைத் துணையில்லாமல் சொல்வது தனித்திறன். மிகச் சிலருக்கே உண்டு, வளர்ந்த பிறகு பெறுவது மிகக் கடினம். நம் இசைக்கு அது தேவையும் இல்லை, சட்ஜத்தை எங்கே வைத்தாலும் ராகம் ராகமாகவே இருக்கும். ஆனால் பழகிய சுருதியை நினைவில் வைத்திருப்பது பலருக்கு ஓரளவு இருக்கிறது. டேனியல் லெவிடின் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 46 பேரைத் தங்களுக்குத் தெரிந்த பாட்டுகளைப் பாடச் சொன்னார். 40 விழுக்காட்டினர் இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது இசைத்தட்டின் சுருதியிலேயே பாடினார்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது சுரஞானம், அதாவது சட்ஜத்தை வைத்து மற்ற சுரத்தை அடையாளம் காண்பது. சட்ஜம் ஓடட்டும், வேறொருவர் ஏதாவது ஒரு சுரத்தை வாசிக்க, 2 வினாடிக்குள் சொல்லுங்கள். ச ரி க ம என்று ஏணி ஏறி எண்ணக் கூடாது, எண்ணினால் வேகம் வரவே வராது. ஒரே சுரம் மட்டும் மாறும் ராகங்களைச் சோடியாக எடுங்கள்: சங்கராபரணமும் கல்யாணியும் மத்யமத்துக்கு, அரிகாம்போதியும் சங்கராபரணமும் நிஷாதத்துக்கு, கரகரப்பிரியாவும் அரிகாம்போதியும் காந்தாரத்துக்கு. வாத்தியத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வீணையில் மட்டும் பழகிய காது புல்லாங்குழலில் தடுமாறும்.

இந்தப் பயிற்சியைச் சுருதி இல்லாமல் செய்ய வேண்டாம். மோகன ராகத்தின் ரிஷபத்தை மனம் சட்ஜமாக எடுத்துக்கொண்டால் காதுக்கு அது மத்யமாவதி ராகம். சொன்ன விடை தவறாகவும் கேட்டது சரியாகவும் இருக்கும், எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.