முற்றத்து மீன்மகளை எடுக்கச் சொல்ல முடியுமா?

கல்லடிக்காரன்:
மட்டக்களப்பான் வீடு கட்டினால் எங்காவது எங்கள் ஊர்ச் சின்னமான பாடுமீனை வைக்காமல் விடமாட்டான். எங்கள் அப்பாவும் அப்படித்தான். கேற்றுக்கு உட்பக்கம் மூன்றடி உயரத்தில் சீமெந்தில் ஒரு மீன்மகளைச் செய்வித்தார். வலது கையில் இரண்டு விரல் உடைந்து கம்பி தெரிகிறது. வருசப்பிறப்புக்கு வருசப்பிறப்பு வாலுக்கு நீலப் பெயின்ற் அடிக்கிறவன் நான்தான். காலடியில் சிப்பி வடிவத் தொட்டி, சுற்றிவர வெள்ளை அடித்த ஆறு ரயர்களில் குரோட்டன். போன கிழமை ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்தவர், "இதுக்கெல்லாம் அனுமதி வேணும், முறைப்பாடு போடுவேன்" என்கிறார். அப்படி ஒரு சட்டம் இருக்கா?

படம் கீறுபவர்:
கட்டட அனுமதிக்காக உள்ளூராட்சிச் சபைக்குக் கொடுக்கும் வீட்டுப் படங்கள் கீறுவதுதான் என் தொழில். சொந்த வளவுக்குள் நிற்கும் சிலைக்கு யாரும் என்னிடம் படம் கேட்டு வந்ததில்லை. கேட்பது கட்டடத்துக்கும் மதிலுக்கும்தான். அவை தள்ளி நிற்கவேண்டிய தூரத்தையும் வீதியின் நடுவிலிருந்து அளப்பார்கள். காணி உறுதியோடு உள்ள நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள். மீன்மகள் எல்லைக்குள் என்றால் பயப்படாதீங்க. ரயர் ஏதும் வீதி வடிகான் கரையில் கிடக்கா? கிடந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கு.

ஏறாவூர் அக்கா:
சிலையை விடுங்க தம்பி, சிப்பித் தொட்டியில் என்ன இருக்கு? நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. தண்ணீர் தேங்கினால் வளவுக்காரர்தான் பொறுப்பு. போன மாரியில் எங்கள் சீமெந்துத் தாராவின் முதுகுப் பள்ளத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நுளம்புக் குடம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனூண்டு பள்ளம், ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை! டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் போதாது, உள்பக்கத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவணும். ரயருக்குள் விளிம்பு மட்டும் மண் போட்டு, அடியில் ஓட்டை போடுங்க. தொட்டியைக் கழுவிய பிறகு கப்பி மீன் விடலாம், அது குடம்பியைத் தின்னும்.

கல்லடிக்காரன்:
இப்பதான் ரோச் அடித்துப் பார்த்தேன். தொட்டி நிறையக் குடம்பி நெளியுது, வெட்கமாகப் போச்சு. இரண்டு ரயர் மதிலுக்கு வெளியேதான் கிடந்தது. வாகனம் திருப்பும்போது அவர் அதில்தான் இடிக்கிறாராம், போய்க் கதைத்த பிறகுதான் விளங்கினது. மீன்மகளைப் பற்றி மனிசன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ரயர்களை உள்ளே உருட்டிவிட்டேன். சரி, கல்லடிப் பக்கம் யாரிடமாவது கப்பி மீன் இருக்கா? போத்தலோடு வாறேன்.