லீ-என்ஃபீல்ட் நம்பர் 4: கோது பாதியில் அறுந்து சேம்பருக்குள் நின்றுவிட்டது, போல்ட் ஹெட் மாற்ற வேண்டுமா?

ஏரிக்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ரேஞ்சில் நடந்ததைச் சொல்லி வழி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது லீ-என்ஃபீல்ட் ரைபிள், கனடாவின் லோங் பிராஞ்ச் ஆலையில் 1943இல் செய்த நம்பர் 4 மார்க் 1*. இரண்டு வருசத்துக்கு முன் ஒரு வயதானவர் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அப்பார்ட்மெண்டுக்குப் போகும்போது அவரிடம் வாங்கினேன். ரவை, அதாவது தோட்டா, கட்டுகிற பிரஸ், கோதைப் பழைய அளவுக்கு இறுக்குகிற டை செட், ஒரு வாளி நிறையக் கோது எல்லாவற்றையும் சேர்த்தே தந்தார். கடையில் .303 விற்கிற விலைக்கு மாதம் ஒருமுறைகூடச் சுட முடியாது என்பதால் அன்றிலிருந்து நானே கட்டித்தான் சுடுகிறேன்.

அன்றைக்குப் பதினேழாவது ரவை. சத்தத்திலும் தோளில் வாங்கிய இடியிலும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ரவையைப் பின்னாலிருந்து பூட்டுகிற போல்டை இழுத்தேன். வந்து விழுந்தது கோது இல்லை, கோதின் அடிப்பாகம் மட்டும். ஒரு செண்டிமீட்டர் உயரம் இருக்கும், சின்ன மூடி மாதிரி. அறுந்த ஓரம் வாளால் அறுத்தது போலச் சுற்றிவர நேராக இருந்தது. மிச்சம் முழுவதும் ரவை உட்காருகிற சேம்பருக்குள். அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து மற்றக் கோதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஏழெட்டில் அதே உயரத்தில் வெள்ளிக்கம்பி சுற்றினது போல ஒரு மினுக்கம்.

பக்கத்து மேசையில் சுட்டவர், "ஹெட்ஸ்பேஸ் போய்விட்டது, இலக்கம் 3 போல்ட் ஹெட் வாங்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். இணையத்தில் பார்த்தால், நீளத்துக்கு ஏற்ப இலக்கம் போட்டு போல்டின் முனையில் மாட்டுகிற அந்தச் சின்னத் துண்டுக்கு விலை கொள்ளை. வாங்கலாமா? அதற்கு முதல், உள்ளே நிற்கிறதை எப்படி எடுப்பது?

மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. "துவக்கைக் கண்டு ஓடி வந்த சனம் நாங்கள், நீங்கள் காசு குடுத்து வாங்கி அலமாரிக்குள்ள வைக்கிறியள்" என்று முதல் நாளே சொன்னவ. இது தெரிந்தால் நான் அலமாரியோடு வெளியே போக வேண்டியதுதான்.

பழைய என்சிசி:

மதுரையிலிருந்து வாசிக்கிறேன். உதவி செய்ய எனக்குத் தெரியாது, ஆனால் விடவும் முடியவில்லை. எங்கள் ஊரில் கோது என்றால் புளியங்கோதுதான், தோட்டா ஓட்டைச் சொல்கிறீர்கள் என்று புரியவே இரண்டு வரி ஆனது. கல்லூரியில் என்சிசி முகாமில் நாங்கள் சுட்டது .22, அணிவகுப்பில் தூக்கிச் சுமந்தது த்ரீ நாட் த்ரீ. அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. இங்கே சாதாரண ஆளுக்கு அந்த ரகத்துக்கு லைசென்ஸே கிடையாது. அங்கே வீட்டிலேயே வைத்துச் சுடுகிறீர்கள். கொடுத்து வைத்தவர்.

பட்டறை மணி:

முதலில், உள்ளே இருப்பதை எடுப்பது. அடுத்த ரவையைப் போட்டுத் தள்ளிப் பார்க்காமல் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். இதற்கென்றே உடைந்த ஓட்டை இழுக்கும் கருவி பட்டாளத்திலேயே இருந்தது, இப்போதும் துப்பாக்கிக் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சேம்பருக்கு இறுக்கமாக இருக்கும் வெண்கல பிரஷ் ஒன்றைப் பின்பக்கமாக ஓட்டுக்குள் நுழையுங்கள், ஓட்டின் கழுத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு முன்வாய் வழியாகக் கிளீனிங் ராடை விட்டு பிரஷைப் பின்னோக்கித் தள்ளுங்கள். பிரஷ் முடி பித்தளையைக் கவ்விக்கொண்டு வரும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டாதீர்கள். சேம்பரில் ஒரு கீறல் விழுந்தால் அது ஆயுசுக்கும்.

அடுத்து போல்ட் ஹெட். வாங்காதீர்கள். அளந்து பார்க்காமல் பாகம் மாற்றுவது, காய்ச்சலா என்று பார்க்காமல் ஊசி போடுகிற மாதிரி.

.303 விளிம்பு வைத்த தோட்டா. ஹெட்ஸ்பேஸ் என்றால் இதில் போல்ட் முகத்துக்கும், பேரலில் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, அவ்வளவுதான். தோட்டாவின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிகிற இடம், எங்கே இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அளக்கும் கேஜ் மூன்று: கோ 0.064 அங்குலம், நோ-கோ 0.067, ஃபீல்ட் 0.074. கோ மேல் போல்ட் மூட வேண்டும், ஃபீல்ட் மேல் மூடக்கூடாது. நடுவில் உள்ள நோ-கோ மேல் மூடினால் பதறாதீர்கள், பழைய ராணுவ ரைபிளுக்கு அது சாதாரணம்.

கேஜ் வைக்கும் முன், ஓட்டை இழுத்து வெளியே எறிகிற எஜக்டர், எக்ஸ்ட்ராக்டர் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போல்டை ஒரு விரலால் மட்டும் மூடுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் எந்த கேஜும் மூடும்.

இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள். போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள எண்ணும் இடப்பக்கம் ரைபிள் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? போல்ட் ஹெட்டில் என்ன இலக்கம் இருக்கிறது? ஓட்டை டையில் போடும்போது டையை எதுவரை இறக்குகிறீர்கள்?

கல்கரிக் காற்று:

கேஜ் வாங்கவே நூறு டாலருக்கு மேல் போய்விடும். அறுந்து வந்த அடிப்பாகம் போல ஒரு காலி ஓட்டின் பின்னால் செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் போல்டை மூடிப் பாருங்கள். எத்தனை துண்டில் மூட மறுக்கிறது என்று எண்ணினால் இடைவெளி தெரிந்துவிடும். நான் அப்படித்தான் பார்த்தேன்.

பட்டறை மணி:

டேப் அமுங்கும் தம்பி. அது சந்தேகத்தைக் கிளப்ப உதவும், தீர்க்க உதவாது. ஓட்டின் விளிம்பு எத்தனை தடிமன் என்று அளக்காமல் டேப்பை மட்டும் எண்ணி என்ன பயன்? பெரிய கிளப் என்றால் யாராவது ஒருத்தரிடம் கேஜ் செட் இருக்கும். ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கடன் கேளுங்கள்.

ஏரிக்கரையான்:

நன்றி அண்ணை. பிரஷ் வேலை செய்தது, மூன்றாவது தள்ளலில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

இரண்டு எண்ணும் ஒன்றுதான், நடுவில் எல் எழுத்து உள்ள லோங் பிராஞ்ச் எண். போல்ட் ஹெட்டில் 1 என்று இருக்கிறது. டையைப் பற்றிக் கேட்டீர்கள், அந்தப் பெரியவர் காட்டித் தந்த மாதிரியே டை, கோதைப் பிடிக்கிற ஷெல்ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று. கேஜ் ஒருத்தரிடம் இருக்கிறது, ஞாயிறு தருகிறார்.

பட்டறை மணி:

கள்ளன் அநேகமாக அந்தக் கால் சுற்றுதான்.

ஒரு வேலை செய்யுங்கள். சுடாத புதுத் தோட்டா ஒன்றையும், சுட்டுவிட்டு இன்னும் டையில் போடாத ஓடு ஒன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அளவுகோலே வேண்டாம். சுட்டதன் தோள் மேலே ஏறி இருக்கும். நம்பர் 4இன் சேம்பரை வேண்டுமென்றே தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள். சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் போர்முனையில் உள்ளே போக வேண்டும் இல்லையா. ஒருமுறை சுட்டு எறிந்துவிடும் சிப்பாய்க்கு ஓடு எவ்வளவு நீண்டால் என்ன? பொறுக்கி எடுத்து மறுபடி கட்டுகிற நமக்குத்தான் கஷ்டம்.

வெடிக்கும்போது ஓட்டின் முன்பாகம் சேம்பர் சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, அடிப்பாகம் பின்னால் போல்டை நோக்கித் தள்ளப்படுகிறது. நடுவில் நீள்வது சுவர் மெலிய ஆரம்பிக்கும் இடம், அதாவது உங்களுக்கு மினுங்குகிற இடம். போதாததற்கு லீ போல்டில் பூட்டும் பற்கள் பின்னால் இருக்கின்றன. அதனால் அழுத்தத்தில் போல்டும் உடம்பும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஓடு இன்னும் கொஞ்சம் நீளும். பிறகு நீங்கள் டையைக் கால் சுற்று அழுத்தித் தோளைப் பழைய இடத்துக்கே தள்ளுகிறீர்கள். அடுத்த சூட்டில் மறுபடி நீள்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் மூன்றாவது நான்காவது தடவையில் அறுகிற கணக்குத்தான்.

மினுக்கத்தை மட்டும் நம்பி ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். சில மினுக்கம் டை உரசியதால் வருவது. ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியை அரைக்கால் அங்குலம் மடக்கி, கூராகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து உள்சுவரை உரசிக்கொண்டே மேலே இழுங்கள். மெலிந்த ஓட்டில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நிற்கும். ஒருமுறை கையில் உணர்ந்துவிட்டால் பிறகு தப்பவே தப்பாது. தட்டினால் இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள், வாளிக்குத் திரும்பப் போகக்கூடாது.

கல்கரிக் காற்று:

நான் சேம்பரில் லேசாக எண்ணெய் தடவிச் சுடுவேன். சுவரில் ஒட்டாமல் முழு ஓடும் பின்னால் வழுக்கும், அறாது.

பட்டறை மணி:

அறாது, சரி. ஆனால் சுவர் தாங்க வேண்டிய பாரமெல்லாம் போல்ட் மேல் விழும். எண்பது வயது இரும்பு மேல் அதை ஏற்றாதீர்கள். சேம்பர் காய்ந்துதான் இருக்க வேண்டும். புது ஓட்டுக்கு முதல் சூடுதான் முக்கியம், பாதி நீட்சி அதிலேயே நடந்துவிடும். அதற்கு விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றை மாட்டிவிட்டால் ஓடு போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்கும், நீட்சி தோள் பக்கம் போய்விடும். மகள் தலைமுடிக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் பேண்டை வைத்தும் நான் செய்திருக்கிறேன். எண்ணி வைத்திருப்பாள், ஜாக்கிரதை.

பழைய என்சிசி:

கேட்டால் தப்பில்லை என்று நினைக்கிறேன். சுட்டதும் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று எங்கள் ஹவில்தார் சொல்வார். பேரலில் தண்ணீரா என்று அப்போது சிரித்தோம்.

பட்டறை மணி:

ஹவில்தார் சொன்னது சரி. அந்தக் காலத் தோட்டாவில் வெடியைத் தொடங்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் பேரலில் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, உப்புதான். ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியில் துரு பிடிக்க வைத்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் என்றால் இரும்பு சூடாகித் தானே காய்ந்தும் விடும், அதன் பிறகுதான் எண்ணெய். ஏரிக்கரையான் இப்போதைய பிரைமர் போடுவதால் அவருக்குத் தேவையில்லை. எங்காவது 1950களின் ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் நினைவு வைத்துக்கொள்ளட்டும். அதைப் பிரித்தால் உள்ளே பொடி இருக்காது, கார்டைட் என்ற வெடிமருந்து கம்பி கம்பியாக, காய்ந்த இடியாப்பம் மாதிரி இருக்கும். மறுபடி கட்ட நல்ல ஓடு வேண்டுமென்றால் எச்எக்ஸ்பி முத்திரை போட்ட கிரேக்க ஓடு தேடுங்கள், தடிமனான நல்ல பித்தளை.

ஏரிக்கரையான்:

கேஜ் முடிவு: கோ மேல் மூடியது. நோ-கோ மேலும் மூடியது, அப்போது வயிறு கலங்கியது உண்மை. ஃபீல்ட் மேல் மூடவில்லை, கைப்பிடி பாதியிலேயே நின்றது. இலக்கம் 1 அப்படியே இருக்கட்டும்.

வாளியில் இருந்த கோதுகளின் விளிம்பை அளந்தேன். பல 0.058 தான். கேஜ் 0.064 என்றால் அந்த மெல்லிய விளிம்பே 0.006 கூடுதல் இடைவெளி தருகிறது என்று இப்போது விளங்குகிறது. பேப்பர் கிளிப் போட்டதில் 112 கோதில் 41 தட்டியது. எல்லாவற்றையும் நசுக்கினேன். மனுசி சத்தம் கேட்டு வந்து என்ன என்றா. பழுதானதை அழிக்கிறேன் என்றேன். "மிச்சத்தையும் அழிக்கலாமே" என்றா.

கழுத்தை மட்டும் இறுக்குகிற டை ஒன்று வாங்கிவிட்டேன். போல்ட் ஹெட் விலையில் பாதிகூட இல்லை.

பட்டறை மணி:

நல்லது. மார்க் 1*இல் இன்னொன்று பாருங்கள். போல்டைக் கழற்ற போல்ட் ஹெட்டைத் தூக்குகிற வெட்டு இருக்கிறதே, அதன் ஓரத்தில் போல்ட் ஹெட் ஓடுகிற தண்டவாளம் சில்லு சில்லாக உடைந்திருக்கிறதா? அங்கே உடைந்தால் வேகமாக இழுக்கும்போது போல்ட் ஹெட் மேலே எகிறும்.

அப்புறம் ஒரு உபரித் தகவல். இந்த போல்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ பிறந்தது ஸ்காட்லாந்து, வளர்ந்தது உங்கள் ஒண்டாரியோவில், இப்போது கேம்பிரிட்ஜ் என்கிற கால்ட்டில். உங்கள் ரைபிள் பிறந்த லாங் பிராஞ்ச் ஆலையும் மிசிசாகா ஏரிக்கரையில்தான். சோதனைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, கலைக்கூடமாக. நீங்கள் வைத்துக்கொண்ட பெயருக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள்.

ஏரிக்கரையான்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். வெட்டின் ஓரம் முழுசாக இருக்கிறது. இருபது கோதுக்கு அடியில் மார்க்கர் போட்டு, முதல் சூட்டுக்கு ஓ-ரிங், பிறகு கழுத்து டை மட்டும் என்று ஐந்து தடவை சுட்டுவிட்டேன். கிளிப் ஒன்றிலும் தட்டவில்லை. நூறு யாரில் குண்டுகள் விழுகிற கூட்டமும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அது டையாலா என் கண்ணாலா தெரியாது.

ஒரு புதுப் பிரச்சினை. நண்பரிடம் சவேஜில் செய்த நம்பர் 4 இருக்கிறது. என் ரவையை அதில் போட்டால் போல்ட் மூடவில்லை. அவருடைய துவக்கில் பழுதா?

பட்டறை மணி:

இல்லை. உங்கள் ஓடு இப்போது உங்கள் சேம்பரின் அச்சு, அவருடைய சேம்பர் ஒரு துளி சின்னது. தட்டி மூடப் பார்க்காதீர்கள். பெட்டி மேல் ரைபிள் எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள், அவருக்குத் தனிப் பெட்டி.

பழைய என்சிசி:

அம்மணி இப்போது என்ன சொல்கிறார்?

ஏரிக்கரையான்:

தலைமுடி ரப்பர் பேண்ட் எங்கே போகிறது என்று கேட்கிறா.