டயாலிசிஸ் வேண்டாம் என்றவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு: கும்பகோணம் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாயிக்கு 82 வயது, சிறுநீரகச் செயலிழப்பு ஐந்தாம் நிலை, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 9தான் இருக்கிறது. இதயமும் பலவீனம் என்பதால் டாக்டரோடு உட்கார்ந்து பேசி, டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் 'பண்ணித்தான் பாருங்களேன்' என்று யாரும் எழுத வேண்டாம், நாட்டு மருந்து யோசனையும் வேண்டாம்.

இப்போது பெரிய தொல்லை அரிப்புதான். ராத்திரியானால் சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார், தேங்காயெண்ணெய் தடவினால் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். காபாபென்டின் மிகக் குறைந்த அளவில் தரலாம் என்கிறார் டாக்டர் (சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, அளவு கூடினால் ஆளையே அசத்திவிடுமாம்). உங்கள் வீட்டில் யாருக்காவது இது கேட்டதா? பகலெல்லாம் தூங்கி வழிந்தார்களா?

அப்புறம், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது, சரி, பாராசிட்டமாலுக்கும் அடங்காதபோது என்ன கொடுத்தார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கு (வலி, தொல்லைகளைக் குறைக்கும் பராமரிப்பு) வீட்டுக்கே வருகிறார்கள் அல்லவா, அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.