மறு: 'டீச்-பேக்' முறைக்குத் தமிழ்ச்சொல்

> 'மறுகற்பித்தல்' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம். சுருக்கம்தான், ஆனால் முதலில் சொன்னது ஏறவில்லை, இன்னொரு தடவை பாடம் நடத்துகிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். டீச்-பேக்கில், அதாவது விளக்கியதை நோயாளியையே திருப்பிச் சொல்லவைக்கும் முறையில், நடப்பது வேறு. மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கியபின் செவிலியர் "புரிந்ததா?" என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும். வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார். பதிலில் பிசகு இருந்தால் குறை விளக்கியவருடையது. ஆகவே 'புரிதல் சோதனை'யும் வேண்டாம். நோயாளியைப் பரீட்சைக்கு உட்கார வைப்பதுபோல் இருக்கிறது.

'ஒப்பித்தல்' வரி மாறாமல் சொல்வது, இங்கே தேவை சொந்த வார்த்தை. 'சொல்லிக்காட்டல்' பற்றி நான் விளக்கவே வேண்டாம். செய்த உதவியைச் சொல்லிக்காட்டும் உறவினர் யாருக்குத்தான் இல்லை?

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் செய்ததைப் பாருங்கள். 1980 முதல் 1990 வரை, 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்கள் நேரில் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். பணியாளர்களுக்குக் கூலி, போன வீடுகளின் கணக்குக்கு அல்ல. பிறகு வேறொருவர் சில வீடுகளில் போய் விசாரிப்பார்; தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பக் கூலி. கேட்டது உடனே அல்ல, பிறகுதான் என்பதால் இது அச்சு அசலாக டீச்-பேக் ஆகாது. ஆனால் பொறுப்பு யார் தலையில் என்பதில் இரண்டும் ஒன்று.

என் பரிந்துரை: 'சொல்லவைத்துக் கேட்டல்'. சொல்லவைப்பவரும் கேட்பவரும் பணியாளரே என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'சொல்லக் கேட்டல்' என்று குறைத்தால் வதந்தி வாடை அடிக்கும்.

---

> 'சொல்லவைத்துக் கேட்டல்'

பொருள் சரி, நீளம் உதைக்கிறது. படிவக் கட்டத்தில் அடங்காது. 'மீளுரை'?

---

படிவத்துக்கு 'மீளுரை' எனக்குச் சம்மதம். பயிற்சிக் கையேட்டில் மட்டும் வேண்டாம். களப்பணியாளருக்கு அதையே தனியாக விளக்க வேண்டிவரும். அங்கே நீளமானதே இருக்கட்டும், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'மீளுரை' என்று சேர்த்துவிடலாம்.