இன்சைட் சேல்ஸ் வேலை: ஐம்பதாயிரம் என்கிறார்கள், தம்பி சேரலாமா?

மணிமுத்தாறு:
தம்பி மெக்கானிக்கல் முடித்து ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். பெங்களூரில் ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் இன்சைட் சேல்ஸ் வேலை வந்திருக்கிறது. வெயிலில் அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் விற்கும் வேலை. ஆண்டுக்கு 6 லட்சம். அதில் 3.6 லட்சம் நிலையானது, மீதி 2.4 லட்சம் வேரியபிள், அதாவது விற்பனையைப் பொறுத்துக் கிடைப்பது. அம்மா அதற்குள் தெரு முழுக்க "மாதம் ஐம்பதாயிரம்" என்று சொல்லியாகிவிட்டது. இந்த வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்நகர்:
முப்பதாயிரம் என்று அம்மாவைத் திருத்திச் சொல்லச் சொல்லுங்கள். பிஎஃப் போக அதுவும் குறையும். இதே மாதிரி ஓரிடத்தில் பதினான்கு மாதம் இருந்தேன். முழு வேரியபிள் வாங்கியது இரண்டே மாதம். டார்கெட்டில் 70 சதவீதத்தைத் தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. 69 வந்தாலும் அதே கதிதான். வகுப்பை வாங்கியவர் பாதியில் விலகினால், கொடுத்த இன்சென்டிவையும் அடுத்த சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் நான் ஓடி வந்தது பணத்தால் அல்ல. தேனிப் பக்கம் ஒரு சரக்கு வேன் ஓட்டுநர், மகள் ஒன்பதாம் வகுப்பு. "இருங்க சார், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம் நாற்பது நிமிடம் பேசினார். எங்களுக்குக் கொடுத்திருந்த வசனத் தாளில் 'கடன்' என்ற சொல்லே இருக்காது, 'மாதக் கட்டணம்' என்றுதான் இருக்கும். ஆதார், பான், ஓடிபி மூன்றையும் வாங்கிவிட்டால் அவர் பெயரில் ஒரு நிதி நிறுவனக் கடன் ஏறிவிடும். மூன்று மாதம் கழித்து, "பாப்பா வகுப்பை நிறுத்திவிட்டாள், பணம் ஏன் சார் இன்னும் எடுக்கிறார்கள்?" என்று என்னையே கேட்டார். டீம் லீடர் சொன்னபடி அவருடைய எண்ணைத் தடை செய்தேன்.

சிறுசேரி இரவு:
இதற்குப் பெயர் ஏமாற்று வேலை. அதை வைத்து ஒரு தொழிலையே தூற்றுவது நியாயமா? நானும் மெக்கானிக்கல்தான். சென்னையிலிருந்து அமெரிக்க நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கிறேன். மறுமுனையில் இருப்பவர் விவரம் தெரிந்தவர். வேண்டாம் என்றால் பட்டென்று வைத்துவிடுவார். ஒரு நாளில் அறுபது அழைப்பு போட்டால் நாலு பேர் எடுப்பார்கள். முதல் மாதம் ஆங்கிலத்தில் நா குழறிய நான் இன்று விலை பேசி ஒப்பந்தம் முடிக்கிறேன். சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது கொண்டாடினோமே, அந்த மாதிரி மென்பொருளை விமானம் ஏறிப் போயா விற்கிறார்கள்?

மலர்விழி:
இரவு என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நானும் அந்த வேலையில் இருந்தவள். நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்கு மாலை 6.30, கலிபோர்னியாவில் என்றால் இரவு 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது 10.30 ஆகிவிடும். மகன் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் நான் கண்ணயர்வேன். காலாண்டின் கடைசி வாரத்தில் அதுவும் கிடையாது. உங்கள் வரிசையில் நாற்பது வயதுக்கு மேல் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சிறுசேரி இரவு:
ஒருவர். அவர் மேலாளர். உடம்பு கெடுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டு வீட்டில் சும்மா இருப்பவனுக்கு அதனால் கெடுவது மனசு.

முன்னாள் டீம் லீடர்:
கூடல்நகர் திட்டிய அந்த நாற்காலியில் நானும் இருந்தேன். என் இன்சென்டிவ் பையன்களின் விற்பனை எண்ணிக்கையில் தொங்கியது. அதனால் நல்ல லீட் எல்லாம், அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்களின் எண்கள், பழைய கைகளுக்குப் போகும். ஏற்கெனவே நாலு பேர் அழைத்துத் திட்டு வாங்கிய எண்கள்தான் புதியவனுக்கு. தெரிந்தேதான் செய்தேன்.

தம்பி இரண்டு விஷயம் கேட்கட்டும். சென்ற காலாண்டில் பத்துப் பேரில் எத்தனை பேர் முழு வேரியபிள் வாங்கினார்கள்? அழைப்பு யார் பெயரிலுள்ள எண்ணிலிருந்து போகும்? சொந்த சிம்மிலிருந்து அழைக்கச் சொன்னால் சம்மதிக்கவே கூடாது. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மாட்டினால் போவது அவனுடைய எண்.

மணிமுத்தாறு:
இரண்டையும் இன்று மாலை கேட்டான். எண்ணை நிறுவனமே கொடுக்குமாம். வேரியபிள் பற்றி, "சேர்ந்த பிறகு உங்கள் டீம் லீடர் விளக்குவார்" என்றாராம் எச்ஆர் அம்மையார்.

சிறுசேரி இரவு:
எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சேர்ந்தேன்.

கூடல்நகர்:
எனக்கும்தான்.