புதுப்பிப்பு: அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள்

அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்பப் படம் வெளியே எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, மாமல்லபுரம் போனோம். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சொன்னவருக்கு நன்றி. கோயில் வளாகத்தை விட்டுவிட்டுக் கடற்கரையிலேயே எடுத்தோம்.

கிழக்குக் கடற்கரை, காலையில் சூரியன் கடல் பக்கம். கடல் பின்னணியில் வேண்டுமென்றால் முகம் இருண்டுவிடும். அதனால் வெளிச்சம் திரும்பி முகத்தில் விழ, தம்பி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இடுப்பளவில் சாய்த்துப் பிடித்தான். அம்மாவின் கண்ணுக்குக் கீழிருந்த நிழல் போயே போச்சு, அரக்குப் பட்டின் ஜரிகையும் வெளுக்கவில்லை. இரண்டு வரிசை நின்றதால் லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கி எஃப் 8-இல் வைத்தோம்; அகலமாகத் திறக்கும் எஃப் 2.8-இல் பின்வரிசை மாமாக்கள் மங்கலாகத்தான் தெரிந்தார்கள்.

அப்புறம், காற்று யார் பேச்சையும் கேட்காது. முந்தானைக்கு நிறைய ஊக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.